மாற்றுறுப்புக்குக் காவல் யார்?

உருவிலும் குரலிலும் வேறுபாடு காண இயலாத இரட்டைச் சகோதரர் இருவர். ஒருவர் பெயர் றிச்சட் ஹெரிக். மற்றவர் றொனால்ட் ஹெரிக். றிச்சட்டின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதுற்று அவர் மரணத்தின் வாயிலில் நின்ற வேளையில், றொனால்ட் தமது சிறுநீரகங்களுள் ஒன்றை ஈய முன்வந்தார். 1954-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ந் திகதி, பொஸ்டன் நகரிலே பீற்றர் பென்ட் பிரிகாம் வைத்தியசாலையில், டாக்டர் ஹார்ட்வெல் ஹரிசன் அச்சிறுநீரகத்தை எடுத்துக் கொடுக்க, டாக்டர் ஜோசப் மரே அதனை றிச்சட்டின் உடலிற் பொருத்தினார். ஒரு மனிதரின் உள்ளுறுப்பு இன்னொரு மனிதரின் உடலிலே நிலைத்து வேலை செய்த வரலாறு அன்றுதான் தொடங்கிற்று.

றிச்சட் அதன் பின்னர் எட்டு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். வைத்தியசாலையில் தம்மைப் பராமரித்த தாதி ஒருவரையே மணந்து இரண்டு பெண்மக்களுக்குத் தந்தையுமானார். றொனால்டோ ஒற்றைச் சிறுநீரகத்துடன் 2010-ம் ஆண்டின் இறுதிவரை வாழ்ந்தார். மரே அவர்களுக்கு 1990-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது. இச்சம்பவத்தைப் பற்றி எழுதுவோர் யாவரும் சத்திர வைத்தியரைப் புகழ்கின்றனர். ஈந்த சகோதரரைப் போற்றுகின்றனர். அந்தத் தாதியோ மணமகளாக மாத்திரம் ஒரு வரியிலே வந்து மறைகிறார். கண் விழித்துக் காத்தவருக்குக் கிடைக்கும் இடம் எப்பொழுதும் இவ்வளவுதான் போலும்!

ஆயினும், ஹெரிக் சகோதரர் விஷயத்தில் நீண்ட காலக் காவலுக்கு அவசியம் அதிகம் இருக்கவில்லை என்பதையும் சொல்லுதல் வேண்டும். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். ஆதலால் றிச்சட்டின் உடல் அச்சிறுநீரகத்தைத் தன்னுடையதென்றே ஏற்றுக்கொண்டது. மற்றையோர் நிலை வேறு. நம் உடலிலே புகும் அந்நியப் பொருள் எதனையும் இனங்கண்டு தாக்குவதற்கென்றே ஒரு சேனை இருக்கிறது. நோய்க் கிருமிகளிலிருந்து நம்மைக் காக்கும் அதே சேனை, உயிர் தர வந்த உறுப்பையும் பகையெனக் கருதி அழிக்க முற்படுகிறது. சேனையை அடக்காவிடில் உறுப்பு அழியும். அளவு கடந்து அடக்கிவிட்டாலோ சாதாரணக் கிருமியும் ஆளைக் கொல்லும்.

1967-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் திகதி தென்னாபிரிக்காவிலே கேப்டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பார்னாட் உலகின் முதலாவது மனித இருதய மாற்றுச் சிகிச்சையைச் செய்தபோது இந்த உண்மை உலகுக்கு விளங்கிற்று. நோயாளரான லூயி வாஷ்கான்ஸ்கி பதினெட்டு நாட்களே உயிருடன் இருந்தார். அவரைக் கொன்றது இருதயத்தின் பழுதன்று. உடலின் எதிர்ப்புச் சக்தி மருந்துகளினால் ஒடுக்கப்பட்டிருந்த வேளையில் வந்த நியுமோனியாக் காய்ச்சல். சத்திரசிகிச்சை வெற்றி, நோயாளர் மரணம்!

அந்தப் பதினெட்டு நாட்களைப் பதினெட்டு ஆண்டுகளாக்கியது யாது? மருந்துகள் என்பது விடையின் ஒரு பாதி. நோர்வே நாட்டு மண்ணிலே கிடைத்த ஒரு பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் 1983-ம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. யப்பானிலே சுகுபா மலைப் பிரதேசத்து மண்ணில் 1984-ம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட நுண்ணுயிர் ஒன்று டக்ரோலிமஸ் என்னும் மருந்தைத் தந்தது. அது 1994-ல் அங்கீகாரம் பெற்று, இன்று பெரும்பாலான மாற்றுறுப்பு நோயாளரின் பிரதான மருந்தாக விளங்குகிறது. விடையின் மற்றப் பாதி, இம்மருந்துகளை நாள் தவறாமல் அளந்து, கூட்டிக் குறைத்து, நோயாளர் வீட்டுக்குச் சென்ற பின்னரும் அவர்மீது கண் வைத்திருக்கும் மனிதர்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இவ்வேலையிற் பெரும்பங்கைச் செய்வோர் டாக்டர்கள் அல்லர் என்பதை நம்மிற் பலர் அறியமாட்டோம். இக்கிழமை அவர்களைப் பற்றியே எழுத எண்ணினேன்.

ஒரே ஆண்டிற் பிறந்த இரு தொழில்கள்

1965-ம் ஆண்டில், கொலராடோப் பல்கலைக்கழகத்திலே லொறெற்றா போர்ட் என்னும் பொதுச் சுகாதாரத் தாதியும், ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் சேர்ந்து ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினர். டாக்டர்கள் எட்டிப் பாராத கிராமங்களிலே குழந்தைகளைப் பரிசோதிக்கவும், வழக்கமான நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கவும் அனுபவமுள்ள தாதியரைப் பழக்குவதே அதன் நோக்கம். அப்பயிற்சி பெற்றோரை அந்நாட்டவர் ‘நேர்ஸ் பிராக்டிஷனர்’ என அழைக்கின்றனர். நாம் உயர்பயிற்சித் தாதி என்போம். அதே ஆண்டில் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்திலே டாக்டர் யூஜின் ஸ்ரெட், கடற்படையிற் சிகிச்சை உதவியாளராகப் பணி புரிந்து திரும்பிய நால்வரைச் சேர்த்துக்கொண்டு ‘பிசிஷன் அசிஸ்ரன்ற்’ என்னும் தொழிலை ஆரம்பித்தார். இவர்களை வைத்தியத் துணைவர் எனலாம். நால்வருள் மூவர் 1967-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் திகதி பட்டயம் பெற்று வெளியேறினர். கேப்டவுன் சிகிச்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

கொலராடோவில் இன்னொரு பொருத்தமும் உண்டு. போர்ட் அம்மையார் தாதியரைப் பயிற்றிக்கொண்டிருந்த அதே பல்கலைக்கழகத்திலேதான் டாக்டர் தோமஸ் ஸ்ராசல் ஈரல் மாற்றுச் சிகிச்சையை முயன்று கொண்டிருந்தார். 1963-ல் தொடங்கிய முயற்சிகள் பலமுறை தோற்று, 1967-ம் ஆண்டு ஜூலை மாதத்திற் பத்தொன்பது மாதக் குழந்தையொன்றுக்குப் பொருத்திய ஈரல் அதனை ஓராண்டுக்கு மேல் வாழவைத்தது. இரண்டு காரியங்களும் பிற்காலத்திலே ஒன்றோடொன்று கைகோக்கும் என அன்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள்.

நமது நாட்டிலே இதற்கு முற்றிலும் ஒத்த பதவி இல்லை. கிராமத்து மருந்துச் சாலைகளை ஒரு காலத்தில் தனியாகவே நடத்திய அப்போதிக்கரிமாரை நினைவுள்ள பெரியோர் சிறிது ஊகித்துக்கொள்ளலாம். ஆயின் ஒப்புமை அவ்வளவிலே நின்றுவிடும். அப்போதிக்கரி டாக்டர் இல்லாத இடத்தில் வேலை பார்த்தார். நாம் பேசுகின்றவர்களோ டாக்டர்கள் நிறைந்த பெரிய வைத்தியசாலைகளின் நடுவிலேயே வேலை பார்க்கின்றனர். இன்று உயர்பயிற்சித் தாதியாக வேண்டுமெனில் முதலில் தாதியாகத் தேறி, பின்னர் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேற்பட்ட பட்டமோ பெறுதல் வேண்டும். வைத்தியத் துணைவரும் பட்டப்படிப்பின் மேல் இரண்டரை ஆண்டளவு பயின்று, நோயாளரிடையே ஏறக்குறைய 2,000 மணி நேரம் பழகி, முதுநிலைப் பட்டத்துடன் வருகின்றார். நோயாளரைப் பரிசோதிக்கவும், சோதனைகளுக்கு உத்தரவிடவும், மருந்து எழுதவும் இவர்களுக்குச் சட்டம் இடந் தருகிறது.

மாற்றுறுப்புச் சிகிச்சைக்குள் இவர்கள் ஏன் புகுந்தனர்? கணக்கு எளிது. 2022-ம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கா தனது பத்து இலட்சமாவது உறுப்பு மாற்றுச் சிகிச்சையைக் கண்டது. 2024-ம் ஆண்டில் மாத்திரம் 48,000-க்கு மேற்பட்ட சிகிச்சைகள் நடந்தன. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உறுப்புக்காகக் காத்திருக்கின்றனர். குடல்வாலை வெட்டிய நோயாளர் சுகமாகி வீடு சென்றால் வைத்தியசாலைக்கும் அவருக்கும் உறவு அற்றுவிடும். மாற்றுறுப்புப் பெற்றவர் அப்படியன்று. உறுப்பு வேலை செய்யுமட்டும் அவர் அந்த நிலையத்தின் நோயாளரே. ஆண்டுதோறும் புதியவர் வந்து சேர்கின்றனர்; பழையவர் குறைவதில்லை. இதற்கிடையே, பயிற்சி டாக்டர்கள் கிழமைக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாதென 2003-ம் ஆண்டு ஜூலையில் நாடு முழுவதற்கும் விதி வந்தது. உறக்கமின்றித் தள்ளாடும் இளம் டாக்டரிடம் உயிரை ஒப்படைக்காதிருக்கச் செய்த நல்ல விதிதான். ஆனால் அவ்விளம் டாக்டர்கள் விட்டுச் சென்ற மணிகளுக்கு யார் பொறுப்பு? உயர்பயிற்சி பெற்ற இவ்விரு சாராரையும் வைத்தியசாலைகள் பெருவாரியாக அமர்த்தின.

இதிலே எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. பயிற்சி டாக்டர் ஒரு பிரிவில் ஒரு மாதம், இன்னொரு பிரிவில் ஒரு மாதம் என மாறிக்கொண்டேயிருப்பார். உயர்பயிற்சித் தாதியோ பத்து ஆண்டுகளும் அதே நாற்காலியில் இருப்பார். நோயாளரின் மனைவி பெயர், அவர் செய்யும் தொழில், மருந்தை மறக்கும் கிழமை யாவும் அவருக்குத் தெரியும். டாக்டர் குறைந்த இடத்தை நிரப்ப வந்தவர், டாக்டராலும் செய்ய இயலாத ஒன்றைச் செய்யத் தொடங்கினார் என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் எண், பல காரணம்

அவர் செய்வதை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். உதாரணம் கற்பித்ததே, ஆயின் அதன் ஒவ்வொரு படியும் அந்நாட்டு நிலையங்களில் நடக்கக் கூடியதே.

ஐம்பது வயதான பஸ் சாரதி ஒருவர். நகரிலிருந்து நூற்றைம்பது மைல் தொலைவில் ஒரு சிற்றூரில் வசிப்பவர். நான்கு மாதங்களுக்கு முன் சிறுநீரகம் பெற்றுச் சுகமாக இருக்கிறார். கிழமைதோறும் ஊரிலுள்ள பரிசோதனைக்கூடத்திற் குருதி கொடுப்பார். முடிவு நகரத்து நிலையத்துக்குப் போகும். சிறுநீரகம் கழிவை எவ்வளவு நன்றாக வெளியேற்றுகிறது என்பதைக் காட்டும் கிரியற்றினின் என்னும் அளவு அவருக்கு 1.3 என்று நிலையாக இருந்து வந்தது. ஒரு வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு உயர்பயிற்சித் தாதியின் மேசைக்கு வந்த முடிவு 1.9 என்கிறது.

இந்த எண்ணுக்குப் பொருள் என்ன? உடல் உறுப்பை நிராகரிக்கத் தொடங்கியிருக்கலாம். அப்படியாயின் எதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டவேண்டும். டக்ரோலிமஸ் அளவு மிஞ்சி அம்மருந்தே சிறுநீரகத்தை நஞ்சாய்த் தாக்கியிருக்கலாம், அப்படியாயின் குறைக்கவேண்டும். ஒரே எண்; நேர் எதிரான இரண்டு சிகிச்சைகள்! வெயிலில் வேலை செய்து நீர் அருந்தாமல் விட்டிருந்தாலும் எண் ஏறும். சிறுநீர்ப் பாதை அடைபட்டாலும் ஏறும். அடங்கிக் கிடந்த வைரஸ் ஒன்று சிறுநீரகத்திலே தலைதூக்கினாலும் ஏறும். டக்ரோலிமஸ் மிகக் குறுகிய வரம்புக்குள் ஆளவேண்டிய மருந்து. ஒரு மில்லிலீற்றர் குருதியில் அது பெரும்பாலும் 5 முதல் 15 நனோகிராம் வரை இருக்கவேண்டும்; நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் என்று பன்னிரண்டு மணிக்கு ஒரு முறை எடுக்கவேண்டும். அளவு பார்க்கும் நாளிலே குருதி கொடுத்த பின்னர்தான் காலை மாத்திரையை விழுங்கவேண்டும். மறந்து முன்னரே விழுங்கிவிட்டால், முடிவு பொய்யாக உயர்ந்து காட்டும்; அதை நம்பி மருந்தைக் குறைத்தாற் கேடு.

சாரதியின் டக்ரோலிமஸ் அளவோ இன்னும் வரவில்லை. அது வெளியூர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து வர ஒரு நாள் செல்லும். தாதி தொலைபேசியை எடுக்கிறார்.

“இன்று குருதி கொடுக்குமுன் மாத்திரை எடுத்தீர்களா?”

“இல்லை, அம்மா. நீங்கள் சொன்னபடி பிறகுதான்.”

“காய்ச்சல், வயிற்றோட்டம், புதிய சிறுநீரகம் இருக்கும் பக்கத்தில் நோவு?”

“ஒன்றுமில்லை.”

“புதிதாக மருந்து ஏதேனும்?”

“இல்லை.”

அவசரக்காரர் இவ்விடத்திலே தொலைபேசியை வைத்துவிடுவார். அனுபவசாலியான தாதிக்கு நோயாளர் சொல்லும் ‘இல்லை’யின் தன்மை தெரியும். பொய் சொல்வதல்ல அது. எது மருந்து, எது மருந்தல்ல என்பதில் அவர் எண்ணம் வேறு, நம் எண்ணம் வேறு. ஆகவே கேள்வியை மாற்றுகிறார்.

“சென்ற கிழமையில் வேறு எந்த வைத்தியரிடமாவது போனீர்களா?”

“அதுவா? இருமல் விடவில்லை. மருந்துக் கடையோடு சேர்ந்த சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். ஏதோ மாத்திரை தந்தார்கள். அது இருமலுக்குத்தானே, சிறுநீரகத்துக்கு அல்லவே!”

“போத்தலை எடுத்து வந்து, மேலே உள்ள பெயரை எழுத்தெழுத்தாய் வாசியுங்கள்.”

அவர் வாசிக்கிறார். கிளாரித்ரோமைசின். மிக நல்ல மருந்துதான். ஆயின் ஈரலிலே டக்ரோலிமஸைச் சிதைத்து வெளியேற்றும் நொதியத்தை அது முடக்கிவிடும். மருந்து வெளியேறாமற் குருதியிலே தேங்கும். சில பூஞ்சண நோய் மருந்துகளும் இவ்வாறே செய்யும். கிரேப்புறூட் பழமும் அதன் உறவான பம்பளிமாசும் கூட இதே குற்றம் புரிவதனால் மாற்றுறுப்பு பெற்றோர்க்கு அவை விலக்கப்பட்டவை. இதற்கு மாறாக, காசநோய்க்குக் கொடுக்கும் றிபாம்பிசின் அந்த நொதியத்தை முடுக்கிவிட்டு, மருந்தை விரைவாக அழித்துவிடும்.

“சுக்கானைப் பிடிக்கும்போது கை நடுங்குகிறதா?”

“எப்படித் தெரிந்தது? இரண்டு நாட்களாக நடுங்குகிறது. குளிரினால் என்று எண்ணினேன்.”

கை நடுக்கம் டக்ரோலிமஸ் மிஞ்சியதன் அறிகுறிகளுள் ஒன்று. இருந்தும் தாதி தாமே தீர்ப்பு எழுதிவிடவில்லை. அதே வேளையில் நிராகரிப்பும் தொடங்கியிருக்காதென்று யார் சொல்லக்கூடும்? அவர் சிறுநீரக நிபுணரான டாக்டரை அழைத்து இரண்டு நிமிஷத்தில் யாவற்றையும் சொல்கிறார். நடந்தது என்ன, தாம் எண்ணுவது என்ன, அவ்வெண்ணம் தவறாயிற் செய்ய வேண்டுவது என்ன. இருவரும் முடிவு செய்கின்றனர். இருமல் மாத்திரை நிற்கட்டும். இன்றிரவு எட்டு மணி டக்ரோலிமஸும் வேண்டாம். நாளைக் காலை ஏழரைக்கு நகரத்து நிலையத்தில் மீண்டும் குருதி. மருந்தின் அளவு மிஞ்சியிராவிடில் அன்று பிற்பகலே சிறுநீரகத்திலிருந்து ஊசியாற் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

தாதி மீண்டும் சாரதியை அழைத்து இவற்றைச் சொல்கிறார். சொன்னதை அவரையே திருப்பிச் சொல்லச் செய்கிறார். பின் மனைவியையும் தொலைபேசிக்கு அழைக்கச் சொல்லி ஒருமுறை சொல்கிறார். மணி ஐந்தரையாகிவிட்டது. அவர் மேசையில் இன்னும் பதினான்கு பேரின் முடிவுகள் காத்திருக்கின்றன.

மேசையும் தொலைபேசியுமே இவர்களது உலகம் என எண்ணுதல் கூடாது. காத்திருப்போர் பட்டியலிற் சேருமுன் நோயாளரைப் பரிசோதிப்போர் இவர்கள். சத்திரசிகிச்சையின் போது சத்திர வைத்தியருக்கு எதிரே நின்று உதவும் வைத்தியத் துணைவர் உளர். உறுப்பை எடுத்து வர நள்ளிரவில் விமானமேறும் குழுவோடு செல்வோரும் உளர். உறுப்பு ஈந்த சகோதரரையோ மனைவியையோ ஆறாம் மாதத்திலும், ஓராண்டிலும், ஈராண்டிலும் விசாரித்து அறிக்கை செய்தல் அந்நாட்டு விதி. அவ்வேலையும் பல இடங்களில் இவர்கள் கையில் விழுகிறது. நோயாளர் வீடு செல்லுமுன், மருந்துப் பெட்டியை அவர் கையாலேயே நிரப்பச் செய்து பிழை திருத்துவதும் உண்டு. ஆரம்ப மாதங்களிலே ஒரு நாளைக்குப் பத்துக்கு மேற்பட்ட மருந்துகளை ஒருவர் விழுங்குவது சாதாரணம். காய்ச்சல் 38 பாகை சென்ரிகிரேட்டைத் தொட்டால் நடு இரவேயாயினும் அழைக்கவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வர். சாதாரண மனிதருக்குத் தடிமற் காய்ச்சல். இவர்களுக்கு அதுவே உயிராபத்து.

இவையெல்லாம் பயிற்சியினாற் கைவரும். பயிற்சியால் மட்டும் வராத ஒன்று உண்டு. அது நோயாளரின் வெட்கத்தைக் கடந்து உண்மையை அறிவது.

அமெரிக்காவிலே 1972-ம் ஆண்டின் சட்டம் சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயது பாராது அரசாங்கக் காப்புறுதி அளித்தது. பாராட்டத்தக்க சட்டமே. ஆனால் 65 வயதுக்குட்பட்டு, வேறு இயலாமை இல்லாதோருக்குச் சிறுநீரகம் மாற்றிய 36 மாதங்களின் பின் அக்காப்புறுதி முடிந்துவிடும். மாற்றும் செலவை அரசாங்கம் ஏற்றது; மாற்றியதைக் காக்கும் மாத்திரைக்குக் காலக்கெடு வைத்தது! மருந்து வாங்கப் பணமின்றி உறுப்பை இழந்தவர் மீண்டும் குருதி சுத்திகரிக்கும் இயந்திரத்துக்குத் திரும்புவர். அதற்கோ அரசாங்கம் பன்மடங்கு செலவு செய்யும். இந்த விபரீதம் பல்லாண்டு நீடித்தது. 2020-ம் ஆண்டு டிசம்பரிற் சட்டம் திருத்தப்பட்டு, 2023-ம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், வேறு காப்புறுதி இல்லாதோர் ஒரு கட்டணம் செலுத்தி இம்மருந்துகளுக்கு மட்டும் காப்புறுதி பெறலாம் என்றாயிற்று.

அக்காலத்திலும் சரி, இன்றும் சரி, பணமுடை வந்தவர் என்ன செய்வார்? இரண்டு மாத்திரைக்குப் பதில் ஒன்று. நாள்தோறும் என்பதற்குப் பதில் ஒன்றுவிட்டொரு நாள். அதைப் பெரிய டாக்டரிடம் சொல்லமாட்டார். தமக்கு உயிர் தந்தவரிடம், அந்த உயிரைப் பேண வக்கில்லை என்று சொல்ல எந்த மனிதருக்கு நாவெழும்? கடுகடுத்த முகத்திடமும் சொல்லமாட்டார். மாதந்தோறும் காணும் தாதி, வேறு பேச்சின் நடுவே, “இந்த மாதம் மருந்துச் செலவு எப்படி?” என்று கேட்டால் ஒருவேளை சொல்லக்கூடும். சொன்னால், சமூகசேவை உத்தியோகத்தரையும் மருந்தாளரையும் கொண்டு வழி தேடலாம். சொல்லாவிடில், குருதியில் எண் சொல்லும். அப்போது காலம் கடந்திருக்கும்.

பிள்ளைகள் விஷயம் இதனிலும் கடினம். ஐந்து வயதிற் சிறுநீரகமோ ஈரலோ பெற்ற குழந்தைக்குத் தாய் மருந்தூட்டுவாள். அப்பிள்ளை பதினேழு, பதினெட்டு வயதாகி, தாயின் கண்ணை விட்டு நீங்கி, குழந்தை வைத்தியசாலையிலிருந்து பெரியோர் நிலையத்துக்கு மாற்றப்படும் காலமே உறுப்பை இழக்கும் அபாயம் மிகுந்த காலம் என்பது வைத்திய உலகம் கண்ட உண்மை. தோழர் நடுவே மாத்திரை விழுங்கக் கூச்சம். முகம் பருத்துவிட்டதென வருத்தம். தான் நோயாளியல்லன் என்று காட்ட ஆசை. பல நிலையங்களிலே இந்த மாற்றக் காலத்துக்கென்று தனியாக ஓர் உயர்பயிற்சித் தாதியை நியமிப்பது இதனாலேயே. அந்தப் பிள்ளையைத் தாயின் முன்னிலையில் ஒரு முறையும், தனியாக ஒரு முறையும் அவர் விசாரிப்பார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எதிர்ப்பும் உண்டு

இத்தொழில்களை எல்லோரும் வாழ்த்துகின்றனர் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அமெரிக்க வைத்தியர் சங்கம் இவர்களது அதிகாரம் விரிவதை வெகு காலமாக எதிர்த்து வருகிறது. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் உயர்பயிற்சித் தாதியர் டாக்டரின் மேற்பார்வையின்றித் தொழில் நடத்த இடமளித்துவிட்டன. வைத்தியத் துணைவரின் சங்கம் 2021-ம் ஆண்டில், ‘அசிஸ்ரன்ற்’ என்னும் பெயரைக் கைவிட்டு ‘அசோஷியேற்’ எனத் தம்மை அழைக்கத் தீர்மானித்தபோது சச்சரவு இன்னும் மூண்டது. இங்கிலாந்திலோ காற்று எதிர்த் திசையில் வீசிற்று. அங்கே ‘அசோஷியேற்’ என்றே வழங்கியவர்களைப் பற்றி ஆராய்ந்த பேராசிரியை ஜில்லியன் லெங், 2025-ம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிக்கையிலே, பெயரை மீண்டும் ‘அசிஸ்ரன்ற்’ என மாற்றவேண்டும் என்றும், நோய் இன்னதென நிர்ணயிக்கப்படாத நோயாளரை முதலிற் காண்போராக இவர்கள் இருத்தல் கூடாதென்றும் விதந்துரைத்தார். தம்மைப் பரிசோதிப்பவர் டாக்டர் அல்லர் என்பதை அறியாமலே நோயாளர் இருந்தனர் என்பது அங்கு எழுந்த முறைப்பாடுகளுள் முக்கியமானது.

அந்த முறைப்பாடு நியாயமானது என்றே நான் எண்ணுகிறேன். கடல் கடந்து வாழும் நம் உறவினர் சிலரும், “டாக்டரைக் காணப் போனேன், வேறு யாரோ வந்து பார்த்தார்” என்று எழுதுவதுண்டு. வருபவர் முதல் வார்த்தையிலேயே தாம் யார், தம் பதவி என்ன, தமக்குப் பின்னால் நிற்கும் டாக்டர் யார் என்று சொல்லிவிட்டால் மனக்குறை பாதி தீரும். சம்பளம் குறைவு என்பதற்காக டாக்டர் இருக்கவேண்டிய இடத்தில் இவர்களை வைக்கும் நிர்வாகிகளையும் கண்டித்தே ஆகவேண்டும்.

ஆனால் மாற்றுறுப்பு நிலையம் இச்சச்சரவுக்கு ஏற்ற களமன்று. அங்கே எவரும் தனியே இயங்குவதில்லை. சத்திர வைத்தியர், உறுப்பு நிபுணர், தாதியர், மருந்தாளர், போஷாக்கு நிபுணர், சமூகசேவை உத்தியோகத்தர் யாவரும் ஒரு குழுவாக இருத்தல் வேண்டும் என்று அரசாங்க விதியே கூறுகிறது. உயிருடன் உறுப்பு ஈய வருபவரின் நலனைப் பேச, பெறுபவரின் சிகிச்சையிற் சம்பந்தப்படாத ஒருவர் தனியாக இருக்கவேண்டும் என்பதும் விதி. உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் மாற்றுறுப்பு நோயாளரைப் பேணும் கலையை இவர்களுக்கு முழுமையாகக் கற்பித்து அனுப்புவதில்லை. வேலைக்கு வந்த பின் மூத்தவரின் பக்கத்திலிருந்து மாதக்கணக்காகப் பழகியே கற்கின்றனர். அந்த மூத்தவர் களைத்துப்போய் விலகிவிட்டால், அவர் தலையிலிருந்த நூற்றுக்கணக்கான நோயாளரின் கதையும் அவரோடு போய்விடுகிறது. எந்த எண்ணுக்கு எந்த நோயாளரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்பதை எந்த ஏட்டிலும் அவர் எழுதி வைத்திருக்கமாட்டார்.

பஸ் சாரதியை நடுவழியில் விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவர் மனைவியோடு வந்து சேர்ந்தார். மருந்துகள் அத்தனையையும், தாதி சொல்லியிருந்தபடி, ஒரு பையிலே கொண்டு வந்தார். முற்பகலுக்குள் அளவு தெரிந்துவிட்டது: 24. கிரியற்றினின் 1.8. டாக்டர் வந்து பார்த்து, துணுக்குச் சோதனையை நிறுத்திவைத்தார். இருமலுக்கு டக்ரோலிமஸோடு மோதாத வேறு மருந்து கொடுக்கப்பட்டது. அடுத்த புதன்கிழமை அளவு 9, கிரியற்றினின் 1.4. நடுக்கம் நின்றது. அவர் மறுபடியும் பஸ் ஓட்டப் போனார்.

இரண்டு மாதத்தின் பின் அவருக்குப் பல்வலி வந்தது. பல் வைத்தியர் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கியதும், வாயிலே பஞ்சோடு நாற்காலியில் இருந்தபடியே சாரதி சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார்.